காதோரப் பென்சில்

பந்தலைப் பிரித்து, பெஞ்சுகளையும் பெரிய பாத்திரங்களையும் இதிர் என்னும் ஈமச்சடங்குச் சங்கத்துக்காரர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலையில், அஸ்கலே மகளைக் கூட்டிக்கொண்டு கணவனின் அண்ணன் வீட்டுக்குப் போனாள். கறுப்பு உடைக்கு மேல் வெள்ளை நெதெலாச் சால்வையைப் போர்த்தி, அதன் வண்ணக் கரை கழுத்தைச் சுற்றி வரும்படி இழுத்து விட்டிருந்தாள். துக்கத்தில் இருக்கும் பெண்கள் அப்படித்தான் போர்த்திக்கொள்வார்கள். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

அண்ணன் பெயர் கிஸாச்சு. அடிஸ் அபாபாவில் லாரி உதிரிபாகங்கள் விற்கிறவர். வீட்டில் பெரியவர், தெருவிலும் பெரியவர். தம்பி தெமெக்கே மார்புச் சளியில் படுத்து, இரண்டே வாரத்தில் போனபோது ஆஸ்பத்திரியிலிருந்து குழிவரை எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவர் அவர்தான். அதில் குறை சொல்ல யாராலும் முடியாது.

"வாம்மா ஹிருத். அம்மாவை உக்காரச் சொல்லு. காபி வருது."

ஹிருத் தாயைப் பார்த்துக் கைகளை அசைத்தாள். தாய்க்கும் தகப்பனுக்கும் பிறவியிலேயே காது கேட்காது, மகளுக்குக் கேட்கும். பேச ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்பதே அவளுக்கு வேலை. மருந்துக்கடையில் சம்பளம் வாங்கும் இந்த வயதிலும் அது விடவில்லை.

அஸ்கலே தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

தாளின் நடுவே ஒரு வட்டம். வட்டத்தின் வலது மேல் ஓரத்தை ஒட்டி ஒரு சின்னச் சதுரம். சதுரத்தின் மூலையிலிருந்து ஒரு கோடு நீண்டு வட்டத்தைத் தொடப் போனது. தொடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அதற்குக் கீழே ஓர் அம்புக்குறி.

"இது என்னது?" என்றார் கிஸாச்சு.

"அப்பாவோட பேரு பெரியப்பா. கல்லறைக் கல்லுல இதையும் போடணுமாம்."

"பேரா? அவன் பேரு தெமெக்கே. அதை எழுதியே குடுத்தாச்சு. மேல சிலுவை, அப்புறம் போட்டோ, பேரு, வருஷம். இனிமே என்ன பேரு?"

மகளின் கைகள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அஸ்கலே பதிலைத் தொடங்கிவிட்டாள். ஹிருத் மூச்சு வாங்கிக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"அது நீங்க கூப்பிட்ட பேருன்னு சொல்றாங்க. இது நாங்க கூப்பிட்ட பேராம். அப்பா பள்ளிக்கூடத்துல தச்சு வேலை கத்துக்கும்போது எப்பவும் காதுமேல ஒரு பென்சில் சொருகியிருப்பாராம். அதனால காதைத் தொட்டுப் பென்சிலை உருவுற மாதிரி விரலை முன்னால இழுத்தா, அதான் அப்பா. அந்த வட்டம் முகம். சதுரமும் கோடும் ஒரு விரல் நீட்டின கை. நட்சத்திரம்னா தொடுறது. அம்பு விரல் போற வழி."

கிஸாச்சு தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பிப் பார்த்தார்.

"உங்கம்மா தப்பா நினைக்க வேண்டாம். இதைப் பாத்தா தாயத்துச் சுருள்ல வரைவானுங்களே, அது மாதிரி இருக்கு. வட்ட மூஞ்சி, நட்சத்திரம், அம்பு! என் தம்பி குழிமேல மந்திரம் எழுதி வெச்சிருக்குன்னு ஊரு பேசும். தச்சன் செத்தானா, இல்ல பேயோட்டுறவன் செத்தானான்னு கேப்பானுங்க."

அஸ்கலே சிரிக்கவில்லை. தாளை மறுபடி நாலாக மடித்தாள்.

காபி வந்தது. அவளுக்கும் ஒரு வாய் குடிக்க மனம் வரவில்லை, அவருக்கும் வரவில்லை. கடைசியில் கிஸாச்சுதான் இறங்கி வந்தார். "சரி. கோயில் நிலம் அது. சாமியார் சம்மதிச்சார்னா நான் குறுக்கே நிக்க மாட்டேன். அவரைப் போய்ப் பாக்கச் சொல்லு."

அன்று மாலை அஸ்கலே சங்கத்துக்குப் போனாள். காது கேளாதோர் சங்கத்துக்கு ஒரே ஒரு நீளக் கூடம்தான். அதன் ஒரு சுவர் முழுக்க தெமெக்கே செய்த இழுப்பறைகள். கைகளால் பேசும் பேச்சை எழுத்தில் வைக்கும் இந்த முறை, வெளிநாட்டில் யாரோ நாட்டிய அசைவுகளை எழுத உண்டாக்கியதிலிருந்து வந்தது என்பார்கள். அது இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து, ஒவ்வொரு சைகையையும் ஓர் அட்டையில் எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பத்தில் அட்டைகளை அம்ஹாரிய எழுத்து வரிசையில் அடுக்கும்படி மேலிடத்திலிருந்து சொன்னார்கள். தெமெக்கேதான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு சைகையைப் பார்த்துவிட்டு அர்த்தம் தேடுகிறவனுக்கு அதன் அம்ஹாரியச் சொல் தெரிந்திருந்தால் அவன் ஏன் தேடுகிறான் என்று கேட்டான். பிறகு அவனே பலகை அறுத்து, இழைத்து, பத்து இழுப்பறைகள் செய்தான். ஒரு விரல் நீட்டிய கைகள் முதல் அறையில், இரண்டு விரல் இரண்டாவதில், மூடிய முஷ்டி கடைசிக்குப் பக்கத்தில் என்று கையின் உருவத்தை வைத்தே எல்லாம் அடங்கின. எதிராளியின் கையைப் பார்த்தால் போதும், எந்த அறையைத் திறப்பது என்று தெரிந்துவிடும்.

அவனுடைய பெயர் முதல் அறையில் இருந்தது. பெயேனே அந்த அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். மாதம் ஒருமுறை சங்கம் கொண்டுவரும் சைகை எழுத்துச் செய்தித்தாளை தெமெக்கேயோடு சேர்ந்து எழுதி வந்தவர் அவர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே சிநேகிதர். அஸ்கலேவோடு தையல் வேலை பார்க்கும் ஸெனெபெச்சும் இருந்தாள்.

"இதை அப்படியே கல்லுல போட முடியாது," என்றார் பெயேனே. அவருடைய கைகள் எப்போதும் பெரியதாகப் பேசும். "தாள்ல எழுதும்போது நாம பேசுறவன் பக்கத்துலேருந்து எழுதுறோம். வலது கை வலது பக்கம் வரும். என் உள்ளங்கை எனக்குத் தெரிஞ்சா வெள்ளையா விடுவோம், புறங்கை தெரிஞ்சா கறுப்பா நிரப்புவோம். சரி. ஆனா கல்லுல அவன் போட்டோ இருக்கப் போவுது. அவன் நம்மளைப் பாத்துக்கிட்டு இருக்கான். 'நான்தான் இன்னார்'னு அவனே சொல்றான். அப்ப எதிர்ல நிக்கிறவங்களுக்குத் தெரியுற மாதிரி எழுதணும். கை இடது பக்கம் போகணும். கறுப்பா நிரப்பணும்."

"படுத்துக் கிடக்கிறவன் எப்படிய்யா பேசுவான்?" என்றாள் ஸெனெபெச். "நாமதான் போய்க் கூப்பிடணும். கூப்பிடுறவங்க கைதான் எழுத்துல இருக்கணும்."

"கல்லுல என்ன எழுதுவாங்க? 'இங்கே இன்னார் உறங்குகிறார்'னு. அது அவனைப் பத்தின சேதி. யாரும் யாரையும் கூப்பிடலை."

"உங்கிட்ட வாதாட முடியுமா! தெமெக்கேயே முடியாம போய்ச் சேந்துட்டார்."

பெயேனே சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு வேறு பக்கமாகப் பேச்சைத் திருப்பினார். "ஒண்ணு யோசிச்சுப் பாத்தீங்களா? கடைசி நாள்ல வானத்துலேருந்து எக்காளம் ஊதுவாங்களாமே. பக்கத்துக் குழிக்காரங்க எல்லாம் தூசியைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. நம்மாளு மட்டும் நிம்மதியாத் தூங்குவான். இருபது வருஷமாப் பஸ்ஸுல இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டுக் கடைசி வரைக்கும் போனவன்தானே!"

ஸெனெபெச் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அஸ்கலேவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கல்லறை மேட்டில் எல்லாரும் எழுந்து போன பிறகு அவன் ஒருவன் மட்டும் மண்ணுக்கடியில் ஒன்றும் தெரியாமல் கிடப்பது அவள் கண்முன் வந்துவிட்டது. வீட்டில் அவனை எழுப்ப வேண்டுமானால் அவள் கட்டிலை உலுக்குவாள், அல்லது விளக்கைப் போட்டு அணைப்பாள். அவன் கண் திறந்ததும் காதோரம் விரலை வைத்து இழுப்பாள்.

"அப்படின்னா யாராவது கையாலதான் கூப்பிடணும்," என்றாள். "கல்லைப் படிக்கிறவங்க கை அவரைக் கூப்பிடணும். ஸெனெபெச் சொன்ன மாதிரியே இருக்கட்டும். வலது பக்கம், வெள்ளையா."

பெயேனே கல்லுக்கென்று அந்த நான்கு உருவங்களையும் பெரிதாக, தடித்த மையில், ஒரு புதுத் தாளில் வரைந்து கொடுத்தார்.

மேட்டுக் கோயில் சாமியார் மெலிந்த மனிதர். காலை வழிபாடு முடிந்து தேவதாரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஹிருத் அவர் நீட்டிய சிலுவையை முத்தமிட்டுவிட்டு வந்த காரியத்தைச் சொன்னாள். அவர் தாளை வாங்கிப் பார்த்த மாத்திரத்தில் முகம் இறுகியது.

"எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து எதுவும் இந்த நிலத்துல நிக்கக் கூடாதும்மா. இதுல என்ன இருக்கோ, யாரைக் கூப்பிடுதோ, எனக்கெப்படித் தெரியும்? போன வருஷம் ஒருத்தன் குழித் தலைமாட்டுல தகடு புதைச்சுட்டுப் போனான். நானே தோண்டி எடுத்தேன்."

அஸ்கலே அவருடைய உதடுகளையும் மகளின் கைகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இது ஒரு பேருதான் சாமி," என்றாள் ஹிருத் தாய்க்காக.

"பேருன்னா ஞானஸ்நானப் பேரு. அவன் ஆத்மாவுக்காக நான் வேண்டிக்கிறப்ப அந்தப் பேரைச் சொல்லித்தான் வேண்டிக்கிறேன். ஊருக்குத் தெரிஞ்ச பேரு அம்ஹாரியத்துல கல்லுல வரப் போவுது. அதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன பேரு வேணும்?"

அஸ்கலே எழுந்து நின்றாள். உட்கார்ந்து சொல்லக்கூடியதாக அது இல்லை. அவள் கைகள் நிதானமாக அசைந்தன, ஹிருத்தின் குரல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது.

"அவங்கம்மா வெச்ச பேரு ஒண்ணு சாமி. அதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்க தண்ணி ஊத்தி வெச்ச பேரு ஒண்ணு. அதையும் கேட்டதில்லை. அந்த ரெண்டு பேரையும் சொல்லி ஆயிரம் தடவை கத்தினாலும் திரும்பிப் பாத்திருக்க மாட்டார். ஒரே ஒரு பேருக்குத்தான் திரும்பினார். எழுந்து வந்தது, சிரிச்சது, கோவிச்சுக்கிட்டது, என்னைக் கட்டிக்கிட்டது எல்லாம் அந்தப் பேருக்குத்தான். அதை எழுதக் கூடாதுன்னா கல்லே வேண்டாம். வெறும் மண்ணா இருக்கட்டும்."

கடைசி வாக்கியத்தை ஹிருத் இரண்டு தடவை சொன்னாள்.

சாமியார் தாடியைத் தடவியபடி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படிக் கூப்பிடுவே? காட்டு."

தெமெக்கே போனதிலிருந்து அஸ்கலே அந்தப் பெயரைக் கையால் சொன்னதே இல்லை. பந்தலில் சிநேகிதர்கள் சொன்னபோதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். வலது கையின் ஆள்காட்டி விரலைக் காதுக்கு மேலே வைத்தாள். முன்னால் இழுத்தாள்.

சாமியார் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். வட்டத்தின் மேல் விரலை வைத்தார், சதுரத்தின் மேல் வைத்தார், அம்பு போகும் திசையில் விரலை நகர்த்தினார்.

"ஓகோ," என்றார். சற்றுக் கழித்து, "சிலுவைக்குக் கீழே இருக்கணும். அளவா இருக்கணும். அப்புறம், இன்னொரு தடவை காட்டும்மா. இது என்னன்னு நாளைக்கு எவனாவது வந்து கேட்டா நான் சொல்லத் தெரிஞ்சிருக்கணுமில்ல."

அவள் இன்னொரு தடவை காட்டினாள்.

நாற்பதாம் நாள் காரியத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கல் தயார் என்று கல்தச்சன் எண்டாலே ஆள் அனுப்பினான். கிஸாச்சு தன் வண்டியிலேயே தாயையும் மகளையும் கல்பட்டறைக்குக் கூட்டிப் போனார். எண்டாலே கைத்திறனுள்ளவன். நகரத்தின் பெரிய பெரிய கல்லறைகளில் அவன் உளி பட்டிருக்கிறது. தூசி படிந்த முகத்தோடு சிரித்துக்கொண்டே சாக்குத் துணியை இழுத்தான்.

சாம்பல் நிறக் கல். சிலுவை அழகாக வந்திருந்தது. போட்டோவில் தெமெக்கே கழுத்துப்பட்டை கட்டி, சங்கடத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். கீழே பெயர், வருஷங்கள். அதற்கும் கீழே நான்கு உருவங்கள், நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசையில், ஒரே அளவில்: வட்டம், சதுரமும் கோடும், நட்சத்திரம், அம்பு.

அஸ்கலே கல்லுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்படி இருக்கு?" என்றான் எண்டாலே. "குடுத்த தாள்ல ஒண்ணு மேல ஒண்ணு இடிச்சுக்கிட்டு, கோணலும் மாணலுமா கிடந்துச்சு. நான்தான் ஒழுங்குபடுத்தி, எழுத்து மாதிரி வரிசையா வெச்சேன். ஒண்ணுகூட விடலை. எண்ணிப் பாருங்க."

ஹிருத் அதைச் சொன்னபோது அஸ்கலே மகளைப் பார்க்கவே இல்லை. கல்லில் ஒரு முகம் தனியாகக் கிடந்தது. ஒரு கை தனியாகக் கிடந்தது. தொட ஒன்றும் இல்லாமல் ஒரு தொடுதல். எங்கிருந்து எங்கே என்று தெரியாமல் ஓர் அம்பு. விபத்து நடந்த சாலையைப் பார்ப்பது போல இருந்தது.

"தப்பு," என்றாள். "எல்லாம் தப்பு."

"என்னம்மா தப்பு?" என்றார் கிஸாச்சு. "நாலும்தானே இருக்கு. தாள்ல இருந்தது அத்தனையும் வந்துடுச்சு. இன்னும் என்ன குறை?"

அவளுக்குக் கோபம் பொங்கியது. அவர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். இத்தனை வருஷத்தில் கணவனின் அண்ணனைத் தொட்டதில்லை. அவர் முகத்தைச் சுற்றிக் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். பிறகு அவருடைய வலது கையைப் பிடித்து, விரலை நீட்டி, முகத்துக்கு எட்டாத தூரத்தில் அந்தரத்தில் நிறுத்தினாள். இன்னும் தள்ளி வெறுங்காற்றை ஒரு தட்டுத் தட்டினாள். அதற்கும் அப்பால் எங்கோ ஒரு கோடு இழுத்தாள். 'இதுவா என் புருஷன்?' என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

பிறகு அதே கையைக் கொண்டுபோய் அவர் காதுக்கு மேலே வைத்து, மெதுவாக முன்னால் இழுத்தாள்.

கிஸாச்சுவின் விரல் காற்றில் நின்றது. அவர் முகம் மாறியது. அவரே விரலைக் காதுக்குக் கொண்டுபோய் மறுபடி இழுத்தார்.

"இதானா? எங்க வீட்டுக்கு நீங்க வந்தப்பல்லாம் இதைப் பாத்திருக்கேன். என்னமோ அரிக்குது போலன்னு நெனைச்சேன்." பிறகு கல்லைக் காட்டினார். "எடம் மாறினா அர்த்தமே போயிடுமா?"

"எடம்தான் பெரியப்பா எழுத்தே," என்றாள் ஹிருத், தாய் சொல்லாமலே.

எண்டாலே உளியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. அதுவே அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

கிஸாச்சு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அஸ்கலே பக்கம் திரும்பினார். "எனக்கும் இப்படி ஒரு பேரு இருக்கா? அவன் என்னைப் பத்திப் பேசியிருப்பானே. எப்படிச் சொல்லுவான்?"

ஹிருத் தாயைப் பார்த்தாள். வேண்டாம் என்று மகளின் கண் சொன்னது. ஏதாவது நல்லதாக ஒன்றைச் சொல்லி முடித்துவிடலாம். 'அண்ணன்' என்று மொட்டையாகச் சொன்னால்கூடப் போதும். அஸ்கலேவுக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இப்போதுதான், தப்பாக எழுதிய ஒரு பெயருக்காக இந்த மனிதரைத் தோளைப் பிடித்துத் திருப்பியிருக்கிறாள்.

உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு அதைப் பக்கவாட்டில் திருப்பினாள்.

"அப்படின்னா?"

ஹிருத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முகம் திருப்பி."

எண்டாலே ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டான்.

"ஏன்?" என்றார் கிஸாச்சு.

அஸ்கலேவின் கைகளில் இப்போது கோபம் இல்லை. "சின்ன வயசுல வெச்சது. வீட்டுல எல்லாரும் சாப்பிட உக்காருவீங்களாம். ஏதோ பேச்சு வரும், எல்லாரும் சிரிப்பாங்க. இவர் உங்க உதட்டைத்தான் பாத்துக்கிட்டிருப்பார். 'என்ன, என்ன?'ன்னு உங்களைத் தட்டிக் கேப்பார். நீங்க 'அப்புறம் சொல்றேன்'னு சொல்லிட்டுத் திரும்பிக்குவீங்களாம்."

"அப்புறம் சொல்லலையா நான்?"

அவள் கல்மேல் படிந்திருந்த தூசியைக் கையால் துடைத்தாள்.

"அதை மாத்த முடியாதா?"

"இந்தப் பேரெல்லாம் கேட்டு வாங்குறதில்லை, கேட்டு மாத்துறதும் இல்லை. வெச்சவர் இருந்தா மாத்தியிருக்கலாம்."

கிஸாச்சு தலையை ஆட்டினார். பட்டறை வாசலுக்குப் போய் வண்டிக் கதவைத் திறந்து, உட்கார்ந்து, வெகுநேரம் வண்டியைக் கிளப்பாமல் இருந்தார். பிறகு போய்விட்டார். அவர்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"சொல்லியிருக்க வேண்டாம்மா," என்றாள் ஹிருத்.

"ஆமா," என்றாள் அஸ்கலே. "சொல்லியிருக்க வேண்டாம்."

எண்டாலே வெளியே வந்தான். முன்பக்கத்தைச் செதுக்கி எடுத்தால் கல் மெலிந்துவிடும், அந்த வரிசையைச் சுற்றிக் கொடிபோல ஏதாவது வேலைப்பாடு செய்து மறைத்துவிடலாம், ஆனால் சரியாக எழுத அந்தப் பக்கத்தில் இனி இடம் இல்லை என்றான். பின்பக்கம் முழுசாக இருக்கிறது. அதில் வேண்டுமானால் பெரிதாகவே செதுக்கலாம். இந்தத் தடவை தாளைக் கல்லின் மேல் ஒட்டிவைத்து, மயிரிழை நகராமல் உளி வைப்பதாகச் சொன்னான். சாமியார் சிலுவைக்குக் கீழே, அளவாக என்றல்லவா சொல்லியிருந்தார்? அஸ்கலே யோசித்தாள். பின்பக்கத்திலும் மேலே ஒரு சின்னச் சிலுவை செதுக்கச் சொன்னாள்.

நாற்பதாம் நாள் காலை வெயில் நன்றாக இருந்தது. கல்லை விடியற்காலையிலேயே நட்டிருந்தார்கள். முன்பக்கம், தப்பான வரிசையைக் கொடி வேலைப்பாடு மறைக்க, கோயில் பாதையைப் பார்த்தது. பின்பக்கம் தேவதாரு மரங்களைப் பார்த்தது. அந்தப் பக்கம் சாதாரணமாக யாரும் நடக்க மாட்டார்கள், புல் முழங்கால் உயரம். உறவுக்காரர்கள் பாதையோரம் நின்றார்கள். காது கேட்காத சிநேகிதர்கள் ஒவ்வொருவராக வந்து, முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, புல்லை மிதித்துக்கொண்டு பின்னால் போனார்கள். போனவர்கள் அங்கேயே நின்றார்கள்.

வட்டம் ஒரு தட்டு அளவுக்கு இருந்தது. சதுரம் அதன் தோளில் சாய்ந்தாற்போல் ஒட்டியிருந்தது. கோடு காதைத் தொட்டது. தொட்ட இடத்தில் நட்சத்திரம். அதன் கீழே அம்பு, முன்னோக்கி. படிக்க வந்த ஒவ்வொருவர் கையும் தன்னையறியாமல் காதுக்குப் போய் இறங்கியது. இருபது பேர், முப்பது பேர், ஒருவர் பின் ஒருவராக. யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. பெயேனே இரண்டு தடவை செய்தார், மூன்றாம் தடவை கையை இறக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டார்.

சாமியார் தூபக்கலசத்தோடு கல்லைச் சுற்றி வந்தார். பின்பக்கம் வந்ததும் ஒரு கணம் நின்று, உதட்டுக்குள் எதையோ சொன்னார். கலசத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கை விரலைக் காதோரம் கொண்டுபோனார். அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது என்று அவர் குறை சொல்லவில்லை.

கிஸாச்சு பாதைப் பக்கமே நின்றுகொண்டிருந்தார். கடையில் வேலை செய்பவர்கள், அக்கம்பக்கத்தார் என்று வந்தவர்களையெல்லாம் வரவேற்றார். அஸ்கலே அவரைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். வழிபாடு முடிந்து எல்லாரும் சாப்பாட்டுப் பந்தலுக்கு நகர்ந்தபோதுதான் அவர் புல்லுக்குள் காலை வைத்தார். காலுறையில் விதைகள் ஒட்டிக்கொண்டன. கல்லின் பின்னால் வந்து, எதிரே நின்று, உற்றுப் பார்த்தார். இடது கையைத் தூக்கி இடது காதில் வைத்தார்.

சற்றுத் தள்ளி நின்ற பெயேனே ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். வலது கையைத் தூக்கிவிட்டார். கிஸாச்சுவுக்குப் புரியவில்லை. கல்லில் இருக்கும் முகத்தைக் காட்டி, அது தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதன் கை இந்தப் பக்கம்தானே இருக்கிறது என்று கையை ஆட்டினார். பெயேனே இல்லை என்று தலையசைத்தார். கல்லிலிருந்த வட்டத்தைத் தொட்டார், அதே விரலால் கிஸாச்சுவின் நெற்றியைத் தொட்டார். கல்லின் கையைத் தொட்டார், கிஸாச்சுவின் கையைத் தொட்டார். பிறகு மண்ணைக் காட்டினார்.

ஹிருத் உதவிக்கு வர அடியெடுத்தாள். அஸ்கலே அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

கிஸாச்சு கல்லைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். எதிரே நிற்கிற முகம் இல்லை அது, தன்னுடைய முகம் என்பது எந்த நொடியில் அவருக்கு விளங்கியது என்று பக்கத்திலிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. வலது கை மேலே போயிற்று. விரல் காதைத் தொட்டு முன்னால் வந்தது. அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. என்ன சொன்னார் என்று அஸ்கலேவால் படிக்க முடியவில்லை. மகளைக் கேட்கவும் இல்லை.

பந்தலில் எப்போதும் போல இரண்டு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் பேச்சும் இரைச்சலும். இன்னொரு பக்கம், கடைசி மேஜைகளில், சங்கத்துக்காரர்கள். இஞ்சிரா ரொட்டித் தட்டுகளின் மேல் கைகள் பறந்துகொண்டிருந்தன. அஸ்கலே பாத்திரத்திலிருந்து கோழிக்குழம்பை எடுத்து ஊற்றிக்கொண்டே வந்தாள்.

கிஸாச்சு கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார். முன்வரிசையில் அவருக்காக இடம் வைத்திருந்தார்கள். அவர் அதைத் தாண்டி நடந்தார். சங்கத்து மேஜைக்கு முன்னால் போய் நின்றார். கைகள் ஒவ்வொன்றாக நின்றன. அவரை அவர்களுக்கெல்லாம் தெரியும். அவரைப் பற்றித் தெமெக்கே சொன்ன கதைகளும் தெரியும். அந்தக் கதைகளில் தனக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தார்கள்.

அவர் தன் மார்பைத் தொட்டார். பிறகு உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்து, பக்கவாட்டில் திருப்பினார்.

ஸெனெபெச்சின் வாய் திறந்தபடி நின்றது. ஒருவன் தட்டைப் பார்த்தான், இன்னொருவன் அஸ்கலேவைப் பார்த்தான். அஸ்கலேவின் கையில் கரண்டி அப்படியே இருந்தது. அந்தப் பெயர் இப்படி ஒருநாள் வாசல் வழியாக, தானே நடந்து, தன்னைத்தானே சொல்லிக்கொண்டு வரும் என்று அவள் நினைத்ததில்லை.

யாரும் ஒன்றும் செய்யாததால், தான் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவர் பயந்துவிட்டார். இன்னொரு தடவை, இன்னும் நிதானமாக, மார்பைத் தொட்டு, முகத்தைத் திருப்பிச் சொன்னார். என் தம்பி வெச்ச பேரு என்பதுபோல வெளியே மேட்டைக் கையால் காட்டினார்.

பெயேனே பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

கிஸாச்சு உட்கார்ந்தார். எதிரே இருந்தவர் தன் பெயரைச் சொன்னார். கன்னத்தில் கிள்ளுவது போல ஒன்று. அவர் அதைத் திருப்பிச் செய்தார், சரியாக வரவில்லை. மறுபடி செய்தார். அடுத்தவர் சொன்னார். மேஜையைச் சுற்றி அது போய்க்கொண்டே இருந்தது. அஸ்கலே அவருடைய தட்டில் குழம்பை ஊற்றினாள். அவர் நிமிர்ந்து, அவளுக்கு நேரே முகத்தை வைத்து, "போதும்மா" என்றார். உதடு தெளிவாகத் தெரிந்தது. அவள் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனாள்.